தைத்த நோட்டா, தனித்தாளா, டேப்லெட்டா: டெல்டா ஓவியருக்கு எந்தக் குறிப்பேடு?

ஓவியம் பழகுகிறவர்கள் குறிப்பேடு வைப்பதென்று முடிவெடுத்த அன்றே ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள்: எதில் வைப்பது? கடையில் தைத்த ஸ்கெட்ச் புத்தகம் இருக்கிறது, கம்பிச் சுருள் போட்டது இருக்கிறது, தனித்தாள் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் பாதி எழுதிவிட்டு விட்ட லாங் சைஸ் நோட்டு இருக்கிறது. கையில் ஒரு டேப்லெட்டும் இருந்துவிட்டால் குழப்பத்துக்குக் கேட்கவே வேண்டாம். இது பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை காற்றில் ஈரம் குறைந்த ஊர்களுக்கானவை. ஐப்பசி கார்த்திகையில் துவைத்துப் போட்ட லுங்கி இரண்டு நாளாகியும் காயாத கும்பகோணத்து வீட்டில் அவற்றில் பாதி செல்லாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

குறிப்பேட்டுக்கு வேலை ஒன்றுதான். பலகைக்கு முன்னால் உட்கார்ந்து தூரிகையை எடுத்தபின் எழும் சந்தேகத்துக்கு அது பதில் சொல்ல வேண்டும். ஆனியில் கலந்த பச்சையைத் தையில் மறுபடி கலக்க முடிய வேண்டும். ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்:

> ஆனி 20, காலை 7.30. நாற்றங்கால், வெயில் இடப்பக்கம். லெமன் எல்லோ புளியங்கொட்டை அளவு, ப்ரஷியன் ப்ளூ நெல் நுனி அளவு, பர்ன்ட் சியன்னா தொட்டும் தொடாமலும். ஈரத்தில் சரியாக இருந்தது, காய்ந்ததும் வெளுத்துவிட்டது. அடுத்த முறை தண்ணீரைக் குறைக்கணும்.

பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு அந்த நிறத்தின் பூச்சு ஒன்று. அளவை ‘கொஞ்சம்’ என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து அதற்கு அர்த்தம் இருக்காது. மிளகு, நெல், புளியங்கொட்டை என்று எழுதினால் இருக்கும். டியூபின் மேல் அச்சிட்ட பெயரோடு நிறமிக் குறியீட்டையும் எழுத வேண்டும். அல்ட்ராமரின் என்றால் பி.பி. 29 (பிக்மென்ட் ப்ளூ 29). சாப் கிரீன் போன்றவை பல நிறமிகளைச் சேர்த்துச் செய்தவை. கம்பெனிக்குக் கம்பெனி கலவை வேறு. பெயரை மட்டும் நம்பினால் அடுத்த டியூப் வாங்கும்போது ஏமாற வேண்டியதுதான்.

இந்த வேலைக்கு எது பொருந்தும் என்பதை ஐந்து கேள்விகளில் பார்க்கலாம். ஈரத்தைத் தாங்குமா? தேடினால் இரண்டு நிமிஷத்தில் கிடைக்குமா? வண்டியில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்கோ கோயிலுக்கோ போக முடியுமா? கெட்டுப்போனதையும் சேர்த்து வைத்திருக்குமா? ஒரு பக்கத்துக்கு உண்மையில் என்ன செலவு?

இவற்றில் கனமானது இரண்டாவது கேள்வி. முதல் மாதம் எந்த நோட்டும் நன்றாகத்தான் இருக்கும். ஆறாவது மாதம் தேடும்போதுதான் அதன் சாயம் வெளுக்கிறது.

| | ஈரம் | தேடல் | தூக்கிப் போக | பக்கச் செலவு |
|---|---|---|---|---|
| தைத்த புத்தகம் | தாளின் கனத்தைப் பொறுத்தது | தேதி தெரிந்தால் எளிது | நல்லது | நடுத்தரம் முதல் அதிகம் |
| கம்பிச் சுருள் | கடலோரத்தில் துரு | தேதி தெரிந்தால் எளிது | மடியில் வைக்க வசதி, வண்டியில் உரசும் | நடுத்தரம் |
| தனித்தாள் | மிக நல்லது | அட்டவணை இருந்தால் மிக எளிது, இல்லையேல் வைக்கோற்போர் | பரீட்சை அட்டை வேண்டும் | வெட்டிக்கொண்டால் குறைவு |
| லாங் சைஸ் நோட்டு | ஈர வண்ணத்துக்கு ஆகாது | நல்லது | வீட்டோடு வைப்பது நல்லது | மிகக் குறைவு |
| டேப்லெட் | காய வேண்டியதே இல்லை | மிக நல்லது | வெயிலில் திரை தெரியாது | முதலில் பெரிய தொகை |

## தைத்த ஸ்கெட்ச் புத்தகம்

இதன் பலம் அதன் பிடிவாதம். ஒரு பக்கம் கெட்டால் கெட்டதுதான், கிழித்தால் தையலில் அதன் இணைத்தாளும் ஆடும். அதனால் தப்புகள் எல்லாம் தேதி வரிசையில் அப்படியே இருக்கும். பழகத் தொடங்கி ஒரு வருஷத்துக்குள் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில். பென்சில், பேனா மட்டும் என்றால் 120 போதும். லேசான நீர்வண்ணப் பூச்சுக்குக் குறைந்தது 200. தாராளமாகத் தண்ணீர் விடுகிறவர் 300-க்குப் போகலாம், ஆனால் பக்கம் குறையும், புத்தகம் தடிக்கும். 150 ஜிஎஸ்எம் தாளில் ஒரு பக்கம் நனைந்ததும் அந்தப் பக்கம் மட்டும் விரிந்து தாள் அப்பளமாக வளைகிறது. அந்த வளைவின் குழியில் நிறம் தேங்கி, விளிம்பில் கறுத்த கோடாகக் காய்கிறது. தப்பு கையில் இல்லை, தாளில் இருக்கிறது. இது தெரியாமல் தூரிகையை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலர்.

மறைந்திருக்கும் செலவு நேரம். ஒரு பக்கம் காயாமல் மறுபக்கம் திருப்ப முடியாது. சித்திரையில் பத்து நிமிஷத்தில் காயும் பூச்சு கார்த்திகையில் ஒரு மணி நேரம் பிடிக்கலாம். அவசரப்பட்டு மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். அக்ரிலிக் இன்னும் மோசம்: தொட்டால் காய்ந்தது போலிருக்கும், ஆனால் இரண்டு பக்கம் முகத்தோடு முகம் அழுந்தி இருந்தால் நாளடைவில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பிரித்தால் நிறம் உரிந்து வரும். அக்ரிலிக் பக்கங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைப்பது கட்டாயம்.

இரண்டு பக்கத்தையும் சேர்த்து அகலமாக ஆற்றை வரைய ஆசை வரும். நடுவில் தையல் ஓட்டை இருக்கிறது. ஈர வண்ணம் அதன் வழியே கசிந்து, அதே கட்டில் இன்னும் நீங்கள் தொடாத பக்கத்தில் போய்ப் புள்ளி வைக்கும். நடுக்கோட்டுக்கு இருபுறமும் அரை அங்குலம் உலர்ந்ததாக விட்டு வரைந்தால் தப்பிக்கலாம்.

கோயில் சுவரோவியங்களைப் பார்த்துப் படிக்கிறவர்களுக்குக் கெட்டி அட்டை போட்ட சின்னத் தைத்த நோட்டுதான் சரி. திருவாரூர் தியாகராஜர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில், தியாகராஜரை அந்த ஊருக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் முசுகுந்தன் என்ற அரசனின் கதை விதானத்தில் இருக்கிறது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபடியே வரைய வேண்டும். ஒரு கையில் அடங்கும் ஏ5 அளவுக்கு மேல் போனால் தோள் விட்டுவிடும். பென்சிலும் நோட்டுமாக நின்றால் பொதுவாக யாரும் கண்டுகொள்வதில்லை. வண்ணத்தட்டு, தண்ணீர்க் குவளை என்று கடை பரப்புவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. (அந்தப் படங்களுக்குக் கீழே தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறது. படத்தோடு சொல்லையும் சேர்த்து எழுதுவது நமக்குப் புதிதல்ல.)

## கம்பிச் சுருள் போட்டது

முழுக்கப் பின்னால் மடித்து மடியில் வைத்து வரையலாம், அதுதான் இதன் சுகம். மற்றபடி குறைகளே அதிகம். வண்டிக் குலுக்கலில் பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி உரசி, பென்சில் கோடுகள் சாம்பலாகப் பரவும். இரண்டு பெரிய கிளிப் போட்டு இறுக்கினால் ஓரளவு தடுக்கலாம். நாகப்பட்டினம், பூம்புகார் பக்கம் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து ஓட்டையைச் சுற்றிக் காவிக் கறை ஏறும். பிளாஸ்டிக் சுருள் துருப்பிடிக்காது. வயல் வரப்பிலும் படித்துறையிலும் உட்கார்ந்து வேகமாகக் கோட்டோவியம் மட்டும் போடுகிறவர் இதை வாங்கலாம். நிறக் குறிப்புக்கு வேண்டாம்.

## தனித்தாளும் கோப்பும்

டெல்டாவில் ஈர வண்ணத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு, முதல் வருஷத்தைத் தாண்டியபின், எங்கள் ஓட்டு இதற்கே. காரணம் காய்வது. பத்துத் தாளைப் பத்து இடத்தில் பரப்பிக் காயவிடலாம். ஒன்று காயும் நேரத்தில் அடுத்ததில் வேலை நடக்கும். ஒரு தாளில் பூஞ்சை பிடித்தால் அதை மட்டும் விலக்கி வைக்கலாம். தைத்த புத்தகத்தில் அது பக்கம் பக்கமாகப் பரவும்.

செலவும் கட்டுப்படும். 22க்கு 30 அங்குல முழுத்தாள் ஒன்றை, நல்ல 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத்தாளாகவே வாங்கி, 16-ஆக வெட்டினால் ஒவ்வொன்றும் ஐந்தரைக்கு ஏழரை அங்குலம் வரும். எட்டாக வெட்டினால் ஏழரைக்குப் பதினொன்று. ஸ்கேல் வைத்து மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி, பின்பக்கமாகவும் ஒருமுறை மடித்துவிட்டுக் கிழித்தால் பிளேடுகூட வேண்டாம். வெட்டுவதற்கு முன் தாளின் பின்பக்கம் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். சின்னத் துண்டானபின் எது முன்பக்கம் என்று பல தாள்களில் கண்டுபிடிப்பது சிரமம், இழைநயம் வேறு என்பதால் நிறம் வேறு மாதிரி உட்காரும்.

வெளியே போகப் பரீட்சை அட்டை ஒன்று போதும். நான்கு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் தாள் வளையாது, ஆடிக் காற்றிலும் படபடக்காது. நிறம் முழுக்கக் காய்ந்தபின், படத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரிக்க வேண்டும். கோடையில் டேப்பை நாள்கணக்கில் விட்டுவைத்தால் பசை உருகித் தாளில் ஏறி, உரிக்கும்போது தோலையும் சேர்த்து எடுக்கும்.

தஞ்சாவூர் ஓவியம் செய்கிறவர்களுக்கு வேறு வழியே இல்லை. மக்கு வேலையின் (சாக் பவுடரும் பசையும் கலந்து மேடாகப் புடைக்கச் செய்வது) சோதனைகளைத் தாளில் பதிய முடியாது. சாக் பவுடரும் பசையும் சேரும் விகிதம் மாறினால் விளைவும் மாறும்: பசை கூடினால் காயும்போது வெடிக்கும், குறைந்தால் விரலோடு மாவாக வரும். துணி ஒட்டிய பலகையில் மிஞ்சும் துண்டுகளை மூன்றுக்கு நான்கு அங்குலமாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு விகிதம் போட்டு, பின்னால் பென்சிலில் விகிதம், தேதி, அன்றைய வானிலை மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். வெயில் நாளில் சரியாக வந்த கலவை மழை நாளில் அப்படியே வராது என்பதால் வானிலை இல்லாத குறிப்பு அரைக் குறிப்பு. இந்தத் துண்டுகள் எந்த நோட்டுக்குள்ளும் அடங்கா, பெட்டிதான்.

இதில் இரண்டு ஆபத்துகள். தனித்தாளைத் தூக்கிப்போடுவது எளிது. கெட்டதை எல்லாம் கசக்கிப் போட்டுவிட்டு நல்லதை மட்டும் அடுக்கினால் மிஞ்சுவது ஆல்பம், குறிப்பேடு அல்ல. ஏன் கெட்டது என்று இரண்டு வரி எழுதாமல் எந்தத் தாளையும் குப்பைக்கு அனுப்புவதில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வரிசை. தாளின் பின்பக்கம் வலது மேல்மூலையில் வருஷம், தமிழ் மாதம், வரிசை எண்: ‘2025 ஆனி 3’. டெல்டாவில் நிலத்தின் நிறம் மாதத்தோடு மாறுகிறது. ஜூன் 12 மேட்டூர் திறப்பையொட்டிய குறுவை நாற்று ஒரு பச்சை, கார்த்திகைச் சம்பா வேறு பச்சை, தை அறுவடை மஞ்சள், மாசியின் வெற்று வயல் காவியும் சாம்பலும். மாதப் பெயரைப் பார்த்ததுமே எந்த நிறம் அங்கே இருக்கும் என்று மனசுக்கு எட்டிவிடும். இந்த எண்களை ஒரு சின்ன நோட்டில் எண்ணுக்கு ஒரு வரியாக எழுதி வர வேண்டும். இந்த அட்டவணை எழுதும் பழக்கம் வராதென்று தெரிந்தால் தனித்தாள் பக்கமே போக வேண்டாம், தைத்த புத்தகமே மேல்.

வைக்கும் இடம் முக்கியம். காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், இங்கே மழைக்காலம் முழுக்க அப்படித்தான். நீர்வண்ணத்தாளில் பூஞ்சை முதலில் பதம் பார்ப்பது தாளுக்கு ஏற்றியிருக்கும் பசைப்பூச்சை. பார்வைக்குத் தாள் நன்றாகவே இருக்கும். வண்ணம் வைத்தால் உறிஞ்சுதாள் போல ஆங்காங்கே திட்டுத் திட்டாக இழுக்கும். அதற்குமேல் அந்தத் தாள் பென்சிலுக்குத்தான் ஆகும். அதனால் எழுதிய தாளைவிட எழுதாத தாளைத்தான் அதிகம் காப்பாற்ற வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவின் அடித்தட்டு வேண்டாம். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, இடுப்புயரத்துக்கு மேல் வைக்கலாம். இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு போடலாம், ஆனால் முழுக்கக் காய்ந்த தாளை மட்டும். ஈரத்தோடு உள்ளே போட்டு மூடினால் நாமே பூஞ்சை வளர்த்த மாதிரி. வேப்பிலை, நொச்சியிலை போடுகிறவர்கள் சருகாக உலர்த்திப் போட வேண்டும், பச்சிலை தன் ஈரத்தையும் கூடவே கொண்டுவரும். ரசகற்பூர (நாப்தலின்) உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சையை அது தடுக்காது. கொஞ்சம் ஈரம் ஏறிய தாளை நேர்வெயிலில் போடவும் கூடாது: அலிசரின் கிரிம்சன் போன்ற சிவப்புகள் வெயிலில் வெளுக்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில் போதும்.

## லாங் சைஸ் நோட்டு

இதை யாரும் ஓவியப் பொருளாக மதிப்பதில்லை. ஆனால் சொற்களுக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. விலை குறைவு என்பதால் கை தயங்காது. ஸ்கெட்ச் புத்தகத்தின் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்து மிரண்டு நிற்கிறவர்கள் இதில் சரசரவென்று எழுதுவார்கள். தீப்பெட்டி அளவுக் கட்டங்கள் ஆறு போட்டு ஒரே படித்துறைக் காட்சியை ஆறு விதமாக அடுக்கிப் பார்க்க, வரிக்கோடு ஒரு தடையே இல்லை.

மெல்லிய தாள் என்பதால் ஈர வண்ணம் பின்னால் ஊறும். நிறப்பூச்சைத் தனித் துண்டில் போட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். மைதாப்பசையோ சோற்றுப்பசையோ கூடாது, மாவுச்சத்தைத் தேடி வெள்ளிமீன் பூச்சி வரும். ஃபெவிகால் ஒரு பொட்டு போதும். ஒட்ட ஒட்ட நோட்டு விசிறியாக விரிந்து முதுகு வெடிக்கும். முன்கூட்டியே மூன்று தாளுக்கு ஒன்றை, தையல் பக்கம் அரை அங்குலம் விட்டு, கத்தரித்து எடுத்துவிட்டால் அந்த அரை அங்குலப் பட்டைகள் தடிமனை ஈடுகட்டும்.

எழுதப் பென்சில் நல்லது. ஜெல் பேனா மை பலவும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஓடிவிடும். ஒழுகும் கூரைக்கும் கவிழும் குவளைக்கும் பென்சில் பயப்படாது.

## டேப்லெட்

காய வேண்டாம், பூஞ்சை இல்லை, தேடல் பெட்டியில் ‘நாற்றங்கால்’ என்று அடித்தால் எல்லாம் வந்து நிற்கும். அமைப்பை மாற்றிப் பார்க்கவும் சிறந்தது: பலகையில் போட்ட கோட்டுப்படத்தைப் படமெடுத்து, அதன்மேல் மேலாடை சிவப்பா பச்சையா என்று பத்து நிமிஷத்தில் நாலு விதம் பார்த்துவிடலாம். தங்கரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டியபின் மனம் மாறுவதைவிட அது மலிவு.

ஆனால் திரையில் தொட்ட பச்சை எந்த டியூபில் எவ்வளவு என்பதை எந்தச் செயலியும் சொல்லாது. நீர்வண்ணம் காய்ந்தால் வெளுக்கும், அக்ரிலிக் காய்ந்தால் கறுக்கும். திரைக்கு இரண்டும் தெரியாது. நிறம் கலப்பதுதான் உங்கள் சிக்கல் என்றால் டேப்லெட் அதைத் தீர்க்காது, தள்ளிப்போடும். ஒரு செயலியின் கோப்பு இன்னொன்றில் திறக்காமல் போகலாம் என்பதால் மாதம் ஒருமுறை பிடிஎஃப் ஆகவோ படமாகவோ எடுத்து இரண்டு இடத்தில் சேமிக்க வேண்டும். பகல் 11 மணிக்கு ஆற்று மணலில் உட்கார்ந்தால் திரையில் உங்கள் முகம்தான் தெரியும்.

ஏற்கெனவே டேப்லெட் வைத்திருப்பவர் பயன்படுத்தட்டும். குறிப்பேட்டுக்காகப் புதிதாக வாங்குவது வீண். அந்தப் பணத்துக்கு நல்ல தாள் வருஷக்கணக்கில் வரும்.

## யாருக்கு எது

நீங்கள் தொடக்கநிலை என்றால் ஏ5 தைத்த புத்தகம், 200 ஜிஎஸ்எம், 40 தாளுக்குள். தடித்த புத்தகம் வாங்கினால் முடிவதற்குள் ஆசை முடிந்துவிடும்.

நீர்வண்ணத்தில் நிலக்காட்சி செய்கிறவருக்குத் தனித்தாள், கூடவே அட்டவணைக்கு லாங் சைஸ் நோட்டு. தஞ்சாவூர் ஓவியக்காரருக்கும் அதே இரண்டு, கூடுதலாகச் சோதனைத் துண்டுகளுக்கு ஓர் எவர்சில்வர் டப்பா. கவின் கலைக் கல்லூரி நுழைவுக்கு ஆயத்தமாகும் மாணவருக்குச் சுருள் நோட்டும் பென்சிலும்: அவருக்கு வேண்டியது எண்ணிக்கை, ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் கோடு. மாடியறை ஒழுகும் வீட்டில் இருப்பவர் எதை எடுத்தாலும், ஐப்பசி பிறக்கும் முன் அதுவரை சேர்ந்த எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்து வைக்கட்டும். காலை பத்து மணி வாக்கில் திண்ணை நிழலில் எடுத்தால் டியூப்லைட்டின் நீலம் ஏறாது. கைப்பேசி பச்சையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும் என்பதால் அந்தப் படத்தைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், நிறம் பார்க்க அல்ல.

ஏற்கெனவே பாதி நிரம்பிய ஏதோ ஒரு நோட்டு இருக்கிறதென்றால், முறையை மாற்றப் புது நோட்டு வாங்க வேண்டாம். பக்கங்களுக்கு எண் போட்டு, கடைசி இரண்டு தாளில் அட்டவணை எழுதத் தொடங்கினால், மீதிப் பக்கங்கள் தீர்வதற்குள் உங்களுக்கு எது ஒத்துவராது என்பது அந்த அட்டவணையிலேயே தெரிந்துவிடும்.